பதின்மூன்று வார விருந்தாளி

ஒவ்வொரு வைத்தியசாலை விடுதியிலும் எழுதப்படாத சட்டங்கள் பல உண்டு. எந்த நாற்காலி எவருக்கு உரியது, எந்த வைத்தியரை நள்ளிரவில் அஞ்சாது எழுப்பலாம், எவரை எழுப்பினால் மறுநாட் காலையில் வசை கேட்க நேரும், மருந்துப் பெட்டகத்தின் எந்த இழுப்பறை இறுகிக்கொள்ளும் என்பனவெல்லாம் எந்தக் கைந்நூலிலும் காணப்படுவன அல்ல. ஆண்டுக்கணக்காக ஒருங்கிருந்து உழைத்தோரின் நினைவிலேயே அவை வாழ்கின்றன. அந்த நினைவிற் பங்கில்லாத ஒருவர், 13 வாரங்களுக்கு மட்டும் என்று எழுதிய ஒப்பந்தத்தோடு அவ்விடுதியினுட் காலடி எடுத்து வைக்கிறார். அமெரிக்க நாட்டில் அவரைப் பயணத் தாதி என்பர்.

இத்தொழில் அங்கு 1970களின் பிற்பகுதியில் உருவாயிற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஆண்டுதோறும் நிகழும் மார்டி கிரா பெருவிழாவின்போது சனத்திரள் பெருக, உள்ளூர்த் தாதியர் போதாமையால் வெளியூர்த் தாதியரைக் குறுகிய காலத்துக்கு அழைத்ததே அதன் தொடக்கம் என்பது அத்தொழிலாளரிடையே வழங்கும் வரலாறு. பின்னர் அது முகவர் நிலையங்கள் நடத்தும் பெருந்தொழிலாக வளர்ந்தது. தாதியின் உரிமப் பத்திரம் மாநிலத்துக்கு மாநிலம் வேறானதாகையால், முன்னர் ஒவ்வோர் எல்லையையும் கடப்பது ஒரு வழக்காடலாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டிலே தொடங்கி 2018இல் திருத்தியமைக்கப்பட்ட மாநில உடன்படிக்கை ஒன்றினால், இன்று 40க்கு மேற்பட்ட மாநிலங்களில் ஒரே உரிமத்துடன் பணியாற்ற முடிகிறது. எல்லைகள் இவ்வாறு திறந்துகொண்டன. விடுதிக் கதவு மட்டும் எல்லா இடத்தும் அவ்வளவு இலகுவாகத் திறப்பதில்லை.

அந்த மூடிய கதவின் தன்மையைச் சிறிது நின்று பார்ப்போம். வெளிப்படையான பகை அருமையாகவே காணப்படும். பெரும்பாலும் அது ஒரு மௌனம். புதியவருக்குப் பெயரிருந்தும், "அந்தப் பயணக்காரி" என்றே அவர் குறிக்கப்படுவார். கடமை மாறும் வேளையில் நோயாளரைப் பற்றி ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் விபரம், அவருக்கு மட்டும் பாதி வாக்கியங்களிற் சொல்லப்படும். உண்பதற்கு எல்லோரும் எழுந்து போன பின்னர்தான், தாம் அழைக்கப்படவில்லை என்பதை அவர் அறிவார். நிரந்தரத் தாதியாயின் வாரக்கணக்காகப் பழக்கிய பின்னரே தனியே விடும் விடுதியில், இவருக்கு ஒரு நாளோ, சில மணித்தியாலங்களோ வழிகாட்டுவர். மருந்துப் பெட்டகத்தைத் திறக்கும் இரகசிய எண் வந்துசேர்வதற்குள் நோயாளர் வலியால் முனகுவர். எண்ணைக் கேட்டுக் கேட்டு நிற்பவரோ வேலை தெரியாதவர் என்று பெயரெடுப்பார்.

பணிப் பங்கீட்டிலும் இதே கதைதான். தனியறையிலுள்ள தொற்று நோயாளர், மனம் பேதலித்துக் குழாய்களைப் பிடுங்கும் முதியவர், எதனாலும் திருப்தியுறாத உறவினர் கூட்டத்தையுடைய ஒருவர் ஆகிய மூவரும் ஒரே தாதியின் பங்கிலே சேர்வது தற்செயலென்று எத்தனை முறைதான் எண்ணியிருக்க முடியும்? வேறொரு விடுதியில் ஆள் குறைந்தால், முதலில் அனுப்பப்படுபவரும் பயணத் தாதியே. பல வைத்தியசாலைகளில் இது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட விதி. பன்னிரண்டு மணிநேரக் கடமையின் நடுவில், ஒரு விடுதியின் எழுதாத சட்டங்களைக் கற்றுக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றின் சட்டங்களுக்குள் அவர் தள்ளப்படுகிறார்.

தாதியர் தம் இளையோரை வதைக்கும் வழக்கம் அத்தொழிலில் நெடுங்காலமாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. 1986இல் ஜூடித் மைஸ்னர் என்னும் ஆசிரியை, தாதியராகிய நாம் நம் குஞ்சுகளையே தின்கிறோமா என்று கேட்டு எழுதிய கட்டுரையின் தலைப்பு, பின்னர் அத்தொழிலில் ஒரு பழமொழி போலவே வழங்கலாயிற்று. அமெரிக்கத் தாதியர் சங்கமும் 2015இல் இவ்வகை நடத்தையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. எனினும் பயணத் தாதியின் நிலை இளந் தாதியின் நிலையன்று. அவர் அனுபவம் மிக்கவர். அனுபவம் மிக்கவரை அறியாதவர்போல் நடத்துவதிலேதான் இந்தப் புண் ஆழமாகிறது.

ஆயினும் இருப்பவர் பக்க நியாயத்தையும் கேட்டல் வேண்டும். தம்மோடு பத்தாண்டுகள் உழைத்த தோழியர் இருவர் களைத்து விலகிச் சென்றுவிட்டனர். அவ்விடத்துக்கு ஊதியத்தை உயர்த்தி நிரந்தரமாக ஒருவரை எடுக்க மனமில்லாத நிர்வாகம், மும்மாதத்துக்கு ஒரு புதுமுகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒவ்வொரு முகத்துக்கும் பஞ்சு இருக்குமிடம் முதல் பிணவறைப் படிவம் வரை காட்டிக்கொடுப்பது இவர்களின் வேலை. காட்டிக்கொடுத்து முடிகையில் அவர் போய்விடுகிறார். தவணை நடுவில் இடமாற்றம் பெற்று வந்து, அடுத்த தவணையிலேயே வேறிடம் தேடும் ஆசிரியரை, நம் பாடசாலைகளின் ஆசிரியர் அறை எவ்வாறு வரவேற்கிறது என்பதை வாசகரிற் பலர் அறிவர். அங்கே கோபமாகத் தோன்றுவது பாதி சோர்வே.

மற்றப் பாதி பணம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் கொள்ளைநோய் உச்சத்தில் நின்றபோது, சில பயண ஒப்பந்தங்கள் வாரத்துக்கு 5,000 டொலருக்கு மேலும் கொடுத்தன. அதே கட்டிலின் மறுபுறம் நின்று, அதே நோயாளரைப் புரட்டிய நிரந்தரத் தாதி அதில் ஒரு பகுதியே பெற்றார். மனிதர் எவரானாலும் இது நெஞ்சை உறுத்தாது போகுமா? ஆனால், அந்தப் பெரிய எண்ணுக்குள்ளே வாடகையும் உணவுப் படியும் அடங்கியிருந்தன என்பதும், இரண்டு ஒப்பந்தங்களுக்கிடையிலான வாரங்களுக்குக் கூலியில்லை என்பதும், நோயாளர் குறைந்தால் வைத்தியசாலை ஒப்பந்தத்தை இடையிலேயே முறித்துவிடலாம் என்பதும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. கணக்கை எழுதிய நிர்வாகி மேல்மாடியில் இருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் பயணத் தாதி. கோபம் அருகிலிருப்பவர் மீதே பாய்கிறது. (வேலைநிறுத்தம் செய்யும் தாதியரின் இடத்தை நிரப்பவென்றே ஏற்றிச் செல்லப்படுவோர் வேறொரு வகையினர். அவர்களுக்குக் கிடைக்கும் குளிர்ந்த முகத்தைப் பற்றி முறையிடுவதற்கு எனக்கு மனமில்லை.)

இந்த விவகாரம் புதியதன்று என்பதை நினைவூட்ட ஒரு பழைய ஏடு இருக்கிறது. 1854ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி, புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரியின் படைமனை வைத்தியசாலையில் வந்திறங்கினார். பள்ளிப் புத்தகங்கள் நமக்குக் காட்டும் விளக்கேந்திய மங்கையை ஒரு கணம் மறந்துவிட்டு, அந்த முதல் நாட்களை நோக்குங்கள். அவர் கையில் யுத்தச் செயலாளர் சிட்னி ஹேபேட் அளித்த அதிகாரப் பத்திரம் இருந்தது. செலவிடப் பணமும் இருந்தது. இராணுவ வைத்தியர்களோ அவரை அழையாத விருந்தாளியாகவும், இலண்டனுக்குக் கோள் எழுதவந்தவராகவும் ஐயுற்றனர். நெருக்கடியான சில அறைகளைக் கொடுத்துவிட்டுத் தம் விடுதிகளைத் தாமே பார்த்துக்கொண்டனர்.

அம்மையார் அதிகாரப் பத்திரத்தை வீசிக்காட்டவில்லை. வைத்தியர் கேட்டாலன்றித் தம் தாதியர் எவரும் விடுதிக்குள் நுழையலாகாது என்று கட்டளையிட்டார். வந்த பெண்கள் துணி தைத்தும், கட்டுத்துணி மடித்தும், மெத்தைக்குப் பை நிரப்பியும் இருந்தனர். அழுக்கிலும் இரத்தத்திலும் வீரர் கிடக்க, பயிற்சி பெற்ற கைகள் அடுத்த அறையிலே ஊசி கோத்துக்கொண்டிருந்தன. அவர்களிற் சிலர் கொதித்ததில் வியப்பில்லை. நவம்பர் 5ஆம் திகதி இங்கர்மன் போர் நடந்தது. அடுத்த சில நாட்களில் காயமுற்றோர் வெள்ளம்போல் வந்து சேரவே, வைத்தியர்கள் தாமாகவே உதவி கேட்டனர். அதன் பின்பு அந்தக் கதவு மூடப்படவில்லை.

இதைச் சாமர்த்தியம் என்று புகழ்வோர் பலர். எனக்கோ அந்தச் சில நாட்கள் இன்றும் உறுத்துகின்றன. போர் நேர்ந்திராவிட்டால் எத்தனை நாள் அவர் காத்திருந்திருப்பார்? அதுவரை தண்ணீருக்குத் தவித்தவருக்கு எவர் பொறுப்பு?

இவ்வரலாற்றின் அடுத்த பக்கம் இன்னும் வியப்பானது. அதே ஆண்டு டிசம்பரில், மேரி ஸ்ரான்லி என்பவரின் தலைமையில் மேலும் 40க்கு அதிகமான பெண்கள் ஸ்கூட்டாரிக்கு வந்தனர். தாம் கேளாமல் எவரையும் அனுப்பலாகாது என்பது உடன்பாடு என்று கூறிச் சினந்த நைற்றிங்கேல் அம்மையார், பதவி விலகுவதாகவே ஹேபேட்டுக்கு எழுதினார். தங்குமிடமில்லை, உணவில்லை, பயிற்சி போதாது, சமயப் பிரிவினரின் தொகை சமன்கெடுகிறது என்றெல்லாம் அவர் காட்டிய காரணங்களில் உண்மையும் இருந்தது. ஆறு வாரங்களுக்கு முன் அதே இடத்தில் அவரைப் பற்றி வைத்தியர்கள் காட்டிய காரணங்களிலும் உண்மை இல்லாமற் போகவில்லை! ஸ்ரான்லி முன்னர் அவருடைய தோழி. அந்தத் தோழமை அங்கேயே முறிந்தது. வந்தவர்களிற் சிலர் அருகிலிருந்த கூலாலி வைத்தியசாலைக்கும், சிலர் பலக்லாவாவுக்கும் சென்றனர். வேல்ஸ் நாட்டினரான எலிசபெத் டேவிஸ் என்னும் தாதி, 1857இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அம்மையாரைக் கடுமையாகவே தாக்கினார். இருப்பவர் என்னும் நாற்காலியில் அமர்ந்தவுடன் கண் எவ்வளவு விரைவில் மாறுகிறது!

மீண்டும் இன்றைய அமெரிக்க விடுதிக்கு வருவோம். அங்குள்ள பயணத் தாதிக்கு நைற்றிங்கேலின் பொறுமை ஓரளவுக்கே உதவும். குளிர்ந்த முகம் வேறு, ஆபத்து வேறு. உணவுக்கு அழைக்காமை, பெயர் சொல்லாமை, புறம்பேச்சு ஆகியன முதல் வகை, அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கடமை மாற்றத்தின்போது ஒவ்வாத மருந்தைப் பற்றிச் சொல்லாமை, பழகாத இயந்திரத்தோடு கூடிய நோயாளரை ஒப்படைத்தல், உதவிக்குரல் கேட்டும் எழாமை ஆகியன இரண்டாம் வகை. இங்கே காயம் தாதிக்கன்று, கட்டிலில் கிடப்பவருக்கு. அந்த வேளையிலே பொறுமை குற்றமாகிவிடும். முதலில் விடுதிப் பொறுப்புத் தாதியிடம், அவர் செவிசாயாவிடின் கடமை மேற்பார்வையாளரிடம், பின்னர் முகவர் நிலையத்தின் தாதிய ஆலோசகரிடம் என ஒழுங்காகச் சொல்லுதல் வேண்டும். சொன்ன நேரம், கேட்டவர், கிடைத்த பதில் என்பவற்றை உணர்ச்சிச் சொல் ஒன்றும் கலவாது குறித்து வைத்தலும் வேண்டும். பழக்கமற்ற பணியை ஏற்பதற்கு முன்னரே மறுத்துரைக்கலாம். ஏற்றபின் கைவிட்டுச் செல்வது உரிமத்தையே பறிக்கக்கூடிய குற்றம். இந்த வேற்றுமையை அறியாமல் முதல் ஒப்பந்தத்திலேயே இடறுவோர் உண்டு.

முதல் வகைக்கு மருந்து சிறு சிறு செயல்களிலேதான் இருக்கிறது. அனுபவசாலிகளின் முதற் புத்திமதி ஒரு வாக்கியத்தைத் தவிர்ப்பது பற்றியது: "முன்னர் நான் இருந்த இடத்தில்..." என்று தொடங்கும் வாக்கியம் அது. கலிபோணியா மாநிலத்தில் ஒரு தாதி பார்க்கக்கூடிய நோயாளர் தொகையை வரையறுக்கும் சட்டம் 2004 முதல் நடைமுறையில் உள்ளது. பொது மருத்துவ விடுதியில் அது இன்று ஐவருக்கு மேற்போகாது. அங்கிருந்து சட்டமில்லாத மாநிலம் ஒன்றுக்குச் சென்ற தாதி, ஏழு பேரை ஒப்படைக்கக் கண்டு வாய்விட்டு வியந்தால், அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் ஆண்டாண்டாய் ஏழு பேரைச் சுமந்தவர் காதில் அது ஏளனமாக விழுகிறது. "இங்கே எப்படிச் செய்வீர்கள்?" என்னும் கேள்விக்கு மட்டும் முகஞ்சுளிப்போர் மிகக் குறைவு.

விடுதி எழுதுவினைஞர், துப்புரவுத் தொழிலாளி, உதவித் தாதி ஆகியோரின் பெயர்களை முதல் நாளே கற்றுக்கொள்பவருக்கு, மருந்துப் பெட்டகமும் பஞ்சு அலுமாரியும் விரைவிற் கண்ணிற்படும். வேலை ஓய்ந்த ஐந்து நிமிடத்தில் அமர்ந்துவிடாது, பக்கத்து அறையில் கனத்த நோயாளரைப் புரட்டத் தனியே திணறும் ஒருத்திக்கு எதிர்ப்புறம் போய்ப் போர்வையைப் பிடிப்பவர், அன்று பேசிய எந்தப் பேச்சையும்விட அதிகம் பேசிவிடுகிறார். ஊதியம் எவ்வளவென்று கேட்டால் எண்ணைச் சொல்லாமல், வாடகையின் கொடுமையைச் சொல்லி நகர்வதும் ஒரு கலை. எல்லோரும் நண்பராகவேண்டும் என்னும் ஆசையை விடுதியின் வாசலிலேயே விட்டுவிடுவதும் நன்று, ஒருவர் போதும். அவரும் பெரும்பாலும் இரவுக் கடமையிலேதான் அகப்படுவார், ஏனெனில் மேலதிகாரிகள் உறங்கும் வேளையிலே விடுதி சற்று இளகிவிடுகிறது.

இவை பலியாத விடுதிகளும் உண்டு. அங்கே தாதி நாட்காட்டியில் வாரங்களைக் கோடிட்டுக் கழிக்கிறார். அறைக்கு வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் தம் பிள்ளையோடு தொலைபேசியில் பேசுகிறார். பத்தாம் வாரமளவில் முகவர் நிலையம் அவரை அழைத்து, இதே விடுதியில் இன்னும் 13 வாரம் இருக்கச் சம்மதமா என்று கேட்கிறது. விடுதித் தலைவியே அவரைக் கேட்டிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது. அந்தத் தலைவி அவரிடம் நேரில் ஒரு நல்ல சொல்லும் சொன்னவரல்லர். சம்மதிப்போரும் உளர், பெட்டியைக் கட்டுவோரும் உளர்.

2021இல் நிரந்தரப் பதவியை உதறிவிட்டுத் தாமே பயணத் தாதியரானோர் அந்நாட்டில் மிகப் பலர். 2022க்குப் பின் அந்த ஊதியம் சரிந்தபோது, அவர்களிற் சிலர் பழைய நகரத்துக்கும் பழைய விடுதிக்குமே திரும்பினர். போனபோது தாம் இருந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.