ஆட்டுணவும் அறுவடை எச்சமும்

ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை என்னும் மூலிகைப் பெயர்களை நோக்கின், தமிழ் மக்கள் ஆட்டின் வாயை எத்துணைக் கூர்ந்து கவனித்தனர் என்பது புலனாகும். கண்ட இலையையெல்லாம் கடித்துப் பார்க்கும் விலங்கு ஒன்று, ஒரு செடியை மட்டும் விலக்கி நடப்பது அவர்க்கு வியப்பளித்தது போலும். அவ்விலக்கலே செடிக்குப் பெயராயிற்று. ஆனால் ஆடு எதையும் தின்னும் என்பதனாலேயே அதற்கு உணவு தேடித் தரவேண்டுவதில்லை என்ற எண்ணமும் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் பிழையென்பதைக் கோடை காலத்து ஆட்டுக்கொட்டில் ஒவ்வொன்றும் காட்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோர்க்கு இன்று ஆடு வளர்ப்பு அன்றாடக் காட்சியன்று. எனினும் அவருட் பலருடைய பூர்வீக இல்லங்களில் வேலியோரத்தே ஓரிரு மறியாடுகள் கட்டி நின்றன. கொக்கத்தடியால் பூவரசங்குழையும் பலாக்குழையும் முறித்துப் போடுவது அவ்வீட்டுச் சிறுவர்க்கு மாலைக் கடமை. யாழ்ப்பாணத்து வேலி வெறும் எல்லைக் கோடன்று. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நிரைத்து நின்ற அது, நிலமற்ற ஏழைக்கும் ஒரு மேய்ச்சற்றரையாயிற்று. ஆட்டின் எருவோ தோட்டத்துக்குச் சென்றது. சுண்ணாம்புக்கல்லின்மேற் கிடக்கும் மெல்லிய மண்ணில் வெங்காயமும் மிளகாயும் விளைந்ததற்கு எருவும் பசுந்தழையும் பெருந்துணையாயின. இன்றோ உயிர்வேலி நின்ற இடங்கள் பலவற்றில் மதில் எழுந்துவிட்டது. மதிலுக்குக் குழை இல்லை. அக்குறையை எதனால் நிரப்புவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வடபகுதிக்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றினால், ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்தே கிடைக்கிறது. மழை நின்று சில திங்களில் புல் காய்ந்து நாராகிவிடும். காய்ந்த புல்லும் நெல் வைக்கோலும் வயிற்றை நிரப்பும், உடலை வளர்ப்பதில்லை. அதன் காரணத்தை அறிய ஆட்டின் வயிற்றினுட் சற்றே புகுந்து பார்த்தல் வேண்டும்.

ஆடு இரைமீட்கும் விலங்கு. நான்கு அறைகளையுடைய அதன் வயிற்றில் முதலிரைப்பையே மிகப் பெரியது. அது சமிபாட்டு நீர் சுரக்கும் பையன்று. கோடானுகோடி நுண்ணங்கிகள் குடியிருக்கும் ஒரு நொதிச்சாடி எனலாம். நாரைச் சிதைக்கும் வல்லமை அந்நுண்ணங்கிகளுக்கே உண்டு. அவை பெருகுதற்கு நைதரசன் வேண்டும். தீவனத்தின் உலர்பொருளில் நூற்றுக்கு ஏழு பங்கேனும் புரதம் இல்லையாயின் நுண்ணங்கிகள் குன்றும். நார் சிதையாது தேங்கும். ஆடு மேற்கொண்டு தின்னவும் மாட்டாது. நெல் வைக்கோலில் உள்ள புரதமோ நூற்றுக்கு நான்கு பங்கு அளவினதே. ஆகவே வைக்கோல் நிறையக் கிடக்கும் கொட்டிலிலும் ஆடு மெலியும். போதிய நைதரசன் கிடைத்தால் நுண்ணங்கிகள் நாரையுண்டு பெருகி, பின்னர்த் தாமே நாலாம் அறையைக் கடந்து சமித்து ஆட்டுக்குப் புரதமாகின்றன. தான் வளர்த்த பயிரைத் தானே அறுத்துண்ணும் உழவனை ஒத்தது ஆடு.

துணையுணவின் பயன் இங்கேதான் விளங்குகிறது. சிறிதளவு புரதம் தானாகத் தரும் சத்தைவிட, அது சமிக்கச் செய்யும் நாரின் சத்தே சிலவேளை மிகுதியாகும். இத்துணைக்கு விலையுயர்ந்த தீவனம் வேண்டுவதில்லை. உழுந்து, பயறு ஆகியவற்றின் கொடியும் கோதும், கச்சான் பிடுங்கியபின் எஞ்சும் கொடி, தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு என்பன நம் நாட்டிலேயே கிடைப்பவை. தேங்காய்ப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபது பங்கு புரதம் உண்டு; எள்ளுப் பிண்ணாக்கில் அதனினும் இருமடங்கு. கச்சான் கொடி இலை உதிராமற் காய்ந்ததாயின் நல்ல புல்லுக்கு நிகரானது. வயலிலே வெயிலிற் பல நாள் கிடந்து இலையெல்லாம் உதிர்ந்தபின் அள்ளிய கொடியில் எஞ்சுவது தண்டு மட்டுமே. அள்ளியவர் தீவனம் சேர்த்ததாக எண்ணிக்கொள்வர். ஆடு அங்ஙனம் எண்ணுவதில்லை.

தவிட்டிலும் ஒரு மயக்கம் உண்டு. சிற்றூர் ஆலைகள் சிலவற்றில் உமியும் தவிடும் கலந்தே வெளிவரும். உமி சிலிக்கா மிகுந்தது, உணவாகாது. விலை மலிவென்று அதனை வாங்குவோர் உமிக்கே விலை கொடுக்கின்றனர்.

எப்பொழுது கொடுப்பது என்பது, எதைக் கொடுப்பது என்பதனினும் முதன்மையானது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ நூற்றைம்பது நாள். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியிற் பெரும்பகுதி இறுதி ஆறு வாரங்களிலே நிகழ்கிறது. அவ்வாரங்கள் வறட்சியோடு பொருந்தின், அதிலும் குட்டி இரட்டையாயின், தாய் தன் உடலைக் கரைத்தே குட்டியை வளர்க்கும். பிறந்த குட்டி நிறையிற் குறைந்திருக்கும். தாய்க்குப் பாலும் சுரவாது. முதற் சில நாளிலேயே இழப்பு நேரும். 2009 இல் போர் முடிந்தபின் வன்னியில் மீளக் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகள் வழங்கப்பட்டன. இரண்டு மறியும் ஒரு கிடாயுமே முதலாகவுள்ள தாய் ஒருத்திக்கு ஒரு குட்டியின் சாவு சிறு நட்டமன்று. ஆண்டு முழுவதும் அரைகுறையாகப் பிண்ணாக்கு வைப்பதை விடுத்து, ஈனுவதற்கு முந்திய ஆறு வாரமும் பால் கொடுக்கும் முதற் சில வாரமும் நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு கிராம் அளவில் வைப்பதே சிக்கனமும் பயனும் உடையது.

மிகுதியாகக் கொடுப்பதும் கேடு. விழாநாளில் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் அன்பினால் ஆட்டுக்கு வைப்போர் பலர். மாப்பொருள் திடீரென மிகுந்தால் முதலிரைப்பையில் அமிலம் பெருகி, ஆடு வயிறு ஊதி ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. அதனையே பெரும்பகுதியாக உண்ணும் கிடாய்களுக்கு, சிறப்பாக நலந்தட்டப்பட்டவற்றுக்கு, சிறுநீர்க்குழாயிற் கல் அடைக்கும். கல்சியம் மிகுந்த குழையைக் கூட வைத்தால் இக்குறை தணியும். மரவள்ளியிலையில் ஐதரோசயனிக் அமிலம் தோன்றும். அதனை வாட்டி உலர்த்தியே கொடுத்தல் வேண்டும். மருந்து தெளித்த தோட்டத்து மிளகாய்ச் செடியையும் வெங்காயத் தாளையும் தீவனமாகக் கொள்ளாமையே நன்று.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். 1960 இல் இங்கிலாந்தில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாது மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் ஒன்றின் நஞ்சே காரணமெனப் பின்னர்க் கண்டனர். அஃபிளாடொக்சின் என்று பெயர்பெற்ற அந்நஞ்சு ஈரம் பட்ட தேங்காய்ப் பிண்ணாக்கிலும் தோன்றும். பால் வழியே மனிதரையும் சேரும். மணம் மாறிய பிண்ணாக்கை, வீணாகிறதே என்று ஆட்டுக்கு வைத்தல் தகாது.

வைக்கோலை யூரியா கொண்டு பதப்படுத்தும் முறை 1980களில் இலங்கையில் விரிவாக ஆராயப்பட்டது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நூறு இலீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடி, ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை வைப்பர். எழும் அமோனியா நாரை இளக்கி நைதரசனையும் ஏற்றும். இது மாட்டுக்குப் பெரிதும் ஏற்றது. தெரிந்தெடுத்துத் தின்னும் ஆடு வைக்கோலிற் பாதியை மிதித்துக் கழிப்பதால், அதற்குக் குழையே சிறந்த துணை. கிளிரிசீடியா எனப்படும் சீமைக்கிளுவையின் இலையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற் புரதம் உண்டு. அதன் மணம் பழகாத ஆடு முதலில் முகம் திருப்பும்; சில மணி நேரம் வாட வைத்து, வேறு குழையோடு கலந்து கொடுத்தால் சில நாளிற் பழகும்.

இப்பிலிப்பில் மரத்தின் இலையும் புரதம் மிகுந்ததே. ஆயின் அதிலுள்ள மைமோசின் என்னும் நஞ்சு மயிர் உதிர்வையும் கண்டக்கழலையையும் விளைப்பது அவுஸ்திரேலியாவிற் காணப்பட்டது. ஹவாய்த் தீவிலோ ஆடுகள் அவ்விலையையே உண்டு நலமாயிருந்தன. அவற்றின் முதலிரைப்பையில் நஞ்சைச் சிதைக்கும் பற்றீரியா வாழ்வதை 1980களில் அறிந்த ஆராய்ச்சியாளர், அதனை அவுஸ்திரேலிய மந்தைகளுக்கு மாற்றி வெற்றி கண்டனர். 1992 இல் அதற்கு சினர்ஜிஸ்டீஸ் ஜோன்சியை என்று பெயரிடப்பட்டது. அப்பற்றீரியா தம் மந்தையில் உண்டோ என அறியாதவர் இப்பிலிப்பிலைத் தனியுணவாக்காது, தீவனத்தின் மூன்றிலொரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.