டொமைனைக் கொடுத்தால் ஆளைக் காட்டும் கருவி

ஒரு நிறுவனத்தின் டொமைன் பெயரைத் தட்டினால் போதும், அங்கே வேலை பார்ப்பவர்களின் பெயர், பதவி, அலுவலக ஈமெயில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இப்படிப்பட்ட மென்பொருள்கள் விற்பனைப் பிரிவு ஆட்களுக்கு இன்று அன்றாடச் சாமான். முகவரி மாட்டியவர் ஆட்சேபித்தால் வழக்கமாக வருகிற சமாதானம் ஒன்றுதான்: பொதுவெளியில் கிடந்ததைத்தான் எடுத்தோம், அதுவும் அலுவலக முகவரிதானே, வீட்டு முகவரியா என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதிதான் உண்மை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியும். முதலில் அது இணையதளங்களில் தென்படும் முகவரிகளைப் பொறுக்குகிறது. நாலைந்து கிடைத்ததும் அந்த நிறுவனத்தின் பாணி பிடிபட்டுவிடும்: பெயர், புள்ளி, குடும்பப் பெயர்; அல்லது முதலெழுத்தும் குடும்பப் பெயரும். (குடும்பப் பெயரே இல்லாமல் இனிஷியலோடு வாழும் நம் ஆட்களிடம் இந்தக் கணக்கு சற்றுத் தடுமாறும்.) பிறகு, எங்கேயும் வெளியாகாத ஒருவரின் முகவரியை அதே பாணியில் ஊகிக்கிறது. ஊகம் சரியா என்று பார்க்க நிறுவனத்தின் மெயில் சர்வரைத் தட்டி, இந்தப் பெயருக்கு ஒரு கடிதம் இருக்கிறது என்கிறது. 250 என்று பதில் வந்தால் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. 550 என்றால் இல்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆமாம் போடும் சர்வர்களும் உண்டு, அங்கே இந்த வித்தை பலிக்காது. பதில் கிடைத்ததும் கடிதத்தைக் கொடுக்காமலே இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வாசலில் நின்று "சார் இருக்காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிற ஆளைப் போல. இப்படி உருவான முகவரியை அதன் சொந்தக்காரர் எந்தப் பொதுவெளியிலும் வைக்கவில்லை.

பொதுவெளி என்ற சமாதானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்நில், 2024 டிசம்பர் 5 அன்று காஸ்பர் என்ற நிறுவனத்துக்கு 2,40,000 யூரோ அபராதம் விதித்தது. குரோம் உலாவியில் இணைத்துக்கொள்ளும் அதன் கருவி, லிங்க்ட்இன் பக்கங்களில் இருப்பவர்களின் தொடர்பு விவரங்களைக் கட்டணத்துக்குத் தந்தது. தொகுப்பில் சுமார் 16 கோடிப் பேர். தங்கள் விவரம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று அமைத்து வைத்தவர்களுடைய தகவலையும் அது எடுத்திருந்தது. ஒருவர் வேலை மாறும்போதெல்லாம், அவரது தகவலை வைத்திருக்கும் 5 ஆண்டுக் கெடு புதிதாகத் தொடங்கியது. தகவலை எடுத்ததைப் பல ஆண்டுகள் யாருக்கும் சொல்லவே இல்லை. சொன்னபோதும் ஆங்கிலத்தில் மட்டும். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதிலும் இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருந்த விவரத்தை எடுத்ததே குற்றம் என்று ஆணையம் சொல்லவில்லை. ஒருவர் நாலு பேருக்குக் காட்டியதை நாலு கோடிப் பேருக்கும் காட்டியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் நிலை.

அலுவலக முகவரிதானே என்பவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பொது முகவரி தனிநபர் தரவு அல்ல. ஒருவரின் பெயர் தாங்கிய அலுவலக முகவரி தனிநபர் தரவுதான். இது வெறும் சட்ட நுணுக்கமும் அல்ல. மோசடிக்காரருக்கு வேண்டியதும் இதே பட்டியல்தான்: கணக்குப் பிரிவில் யார், அவருக்கு மேலே யார், அந்த மேலதிகாரியின் முகவரி எந்தப் பாணியில் இருக்கும். முதலாளி பெயரிலோ சரக்கு தருபவர் பெயரிலோ பணம் கேட்டு வரும் பொய் ஈமெயில்களால் 2023-ல் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ-க்கு வந்த புகார்கள் காட்டுகின்றன. தொகுத்து வைத்த குவியலே கசிவதும் உண்டு. 2018-ல், இதே தொழில் செய்யும் அப்பல்லோ என்ற நிறுவனத்தின் தரவு கசிந்தபோது 12.5 கோடிக்கும் அதிகமான முகவரிகள் வெளியேறின.

சிறு தொழில் செய்பவர் புது வாடிக்கையாளரை எப்படித்தான் தேடுவது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் தைப்பவர் ஜெர்மனியில் துணி வாங்குபவருக்கு ஒரு கடிதம் எழுதக் கூடாதா? தாராளமாக எழுதலாம். யாருக்கு, எதற்கு என்று யோசித்து எழுதும் ஒரு கடிதமும், பத்தாயிரம் பேருக்கு ஒரே நாளில் பாயும் கடிதமும் ஒன்றல்ல. முதல் கடிதத்திலேயே உங்கள் முகவரி எங்கே கிடைத்தது என்று சொல்லி, வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்பவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

முகவரி மாட்டியவர் செய்யக்கூடியது என்ன? கருவி நடத்தும் நிறுவனத்துக்கு எழுதி மூன்றைக் கேட்கலாம்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள், எப்போது நீக்குவீர்கள். அந்த நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் அமைந்ததென்றால், சென்னையில் இருந்து கேட்பவருக்கும் அங்குள்ள சட்டம் பொருந்தும். நேரடி விளம்பரம் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் நிறுத்தியாக வேண்டும். இந்தியாவின் நிலை இன்னும் அரைகுறை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் அதில் இருக்கிறது. ஆனால் "தானே" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்: ஊகித்துக் கண்டுபிடித்த முகவரியை யாரும் தானே வெளியிடவில்லை.

நிறுவனம் நடத்துபவர்கள் இணையதளத்தில் ஆள் பெயர் முகவரிகளைப் போடாமல் பொது முகவரியைப் போடுவது நல்லது. உங்கள் டொமைன் பெயரில் வேறொருவர் கடிதம் அனுப்ப முடியாதபடி எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று ஈமெயில் பாதுகாப்பு அமைப்புகளையும் சர்வர் பார்ப்பவரிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதுக் கணக்கில் போடுங்கள் என்று ஈமெயில் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசக் கூடாது. பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைத்துவிட்டு, வங்கிக்கும் சொல்லுங்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பணம் நாலைந்து கணக்கு மாறியிருக்கும்.