கதை சொல்லப் பட்டறை எதற்கு? சந்தேகங்களும் விளக்கங்களும்

பூந்தமல்லி – ஆவடி சாலையில் இருக்கும் சென்னீர்குப்பம் போன்ற புறநகர்களில் கராத்தே, அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி வரிசையில் இப்போது 'கதை சொல்லும் பட்டறை'யும் சேர்ந்துகொண்டது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பு வருகிறது. ஆசிரியர்கள், இளம் பெற்றோர், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பலருக்கும் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. கூடவே சந்தேகமும் வருகிறது. அடிக்கடி காதில் விழும் சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

பாட்டி எந்தப் பட்டறைக்குப் போனார்? காசு கொடுத்துக் கற்க வேண்டிய விஷயமா இது?

பாட்டி எங்கும் போகவில்லை. ஆனால் அவருக்குத் தினமும் கேட்க ஆள் இருந்தது. ஒரே நரிக்கதையை மூத்த பேரனுக்கு, அடுத்த பேத்திக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று வருஷக்கணக்கில் சொன்னார். எந்த இடத்தில் பிள்ளை நெளிகிறது, எந்த இடத்தில் 'உம்' கொட்டுவதை மறந்து வாயைப் பிளக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கதையைச் செதுக்கிக்கொண்டார். இன்று நமக்கு இல்லாதது அந்த ஆள்தான். நாம் தடுமாறித் தடுமாறிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எங்கே கதை படுத்துவிட்டது என்று சொல்லக்கூடிய பத்துப் பேரைப் பட்டறை திரட்டித் தருகிறது. அதற்கு மேல் அது பெரிதாக எதையும் தருவதில்லை என்பதே என் கணிப்பு. ஆனால் அதுவே கொடுத்த காசுக்குப் போதும்.

கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் தமிழில் பயிலாமல் மேடையேறியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராத்திய கீர்த்தன முறையைத் தமிழ்க் கேட்போருக்கு ஏற்றபடி கதாகாலட்சேபமாக வளர்த்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அந்த மேடைக்கு வந்த முதல் பெண் என்று போற்றப்படும் சி. சரஸ்வதி பாய், எதிர்ப்புகளைத் தாண்டியதோடு குருவிடம் முறையாகக் கற்றும் வந்தவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்த வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். பட்டறை என்ற பெயர்தான் புதிது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவது பழசு.

அங்கே என்னதான் செய்யச் சொல்வார்கள்?

நல்ல பட்டறையில் முதல் அரை மணிக்குள் உங்களைப் பேச வைத்துவிடுவார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் 'உம்' கொட்ட வேண்டும். பிறகு ஆள் மாற்றிக்கொள்வார்கள். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவாரே, அதன் வேலையும் இதுதான். அந்த 'ஆமா' தளர்ந்தால் கதை தளர்கிறது என்று அர்த்தம்.

அடுத்த பயிற்சி கதையைச் சுருக்குவது. ஐந்து நிமிஷத்தில் சொன்ன கதையை மூன்று நிமிஷத்தில் சொல்ல வேண்டும், பிறகு ஒரே நிமிஷத்தில். ஒரு நிமிஷத்துக்குள் எது தங்குகிறதோ அதுதான் கதையின் எலும்பு. மற்றதையெல்லாம் கேட்பவரைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். பிறகு பயிற்சி தருபவர் குறுக்கே கேள்வி கேட்பார். கிழவி வாசலில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்? கிணறு வீட்டுக்கு முன்னாலா, பின்னாலா? கதையில் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஆனால் சொல்பவரின் மனக்கண்ணில் கிணறு ஓர் இடத்தில் நிலையாக இல்லாவிட்டால், அவர் கை ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் போகும். முன்வரிசையில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

'வந்து', 'அப்புறம்' என்று எத்தனை தடவை சொன்னீர்கள் என்று ஒருவர் எண்ணிச் சொல்வார். முதல் தடவை கேட்கும்போது வெட்கமாக இருக்கும். மைக் பிடிப்பது, பேசாமல் நிற்பது, கடைசி வாக்கியத்துக்குப் பிறகு 'அவ்ளோதான்' என்று சொல்லாமல் நிறுத்துவது எல்லாம் பழக்கத்தில் வருபவை.

கதையை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இதற்கு ஓர் ஆராய்ச்சியே இருக்கிறது. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், தம் மாணவர் ஆல்பர்ட் லார்டுடன், அன்றைய யுகோஸ்லாவியாவுக்குப் போய் எழுத்தறியாத கதைப்பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்தார். ஆயிரக்கணக்கான வரிகளை அவர்கள் நினைவிலிருந்து பாடினார்கள். ஒரே கதையை மறுபடி பாடச் சொன்னபோது, அச்சு மாறாமல் பாடியதாக அவர்கள் நம்பினாலும் பதிவில் வரிகள் மாறியிருந்தன. கதையின் தடமும் பழகிய சொற்கட்டுகளுமே மனசில் இருக்கின்றன, மீதி அந்த நேரத்தில் பிறக்கிறது என்பதை லார்டு 1960இல் புத்தகமாக எழுதினார்.

இவ்வளவு தூரம் போகாமலே நமக்கு இது தெரியும். கிருபானந்த வாரியாருக்கு மனப்பாடமாக இருந்த பாட்டுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அவர் பேசியது அன்றைய ஊர், அன்றைய கூட்டம், முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஆகியோரைப் பொறுத்தது. பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, அந்தப் பதிலிலிருந்தே மேலே போவார். ஆகவே முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், நடுவில் திரும்பத் திரும்ப வரும் பாட்டு அல்லது சொலவடை ஆகிய மூன்றை மட்டும் அச்சு மாறாமல் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்குக் குரல் வளம் இல்லை. நடிக்கவும் வராது.

நடிப்பு கூடுதலாக வருபவர்களால்தான் கதை பெரும்பாலும் கெடுகிறது. சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசி, கடைசியில் எது யார் என்று அவர்களுக்கே குழம்பிவிடும். திருவண்ணாமலை பவா செல்லதுரையைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலிலேயே நவீன இலக்கியக் கதைகளைப் பெருங்கூட்டத்துக்குச் சொல்லி, யூடியூபில் லட்சக்கணக்கானவர்களைக் கேட்க வைத்தவர். வேஷம், பொம்மை எதுவும் கிடையாது.

இன்னொரு சோதனையும் உண்டு. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான். அந்த மாணவர்களுக்கு உங்கள் கதை எப்படிப் போய்ச்சேரும் என்று யோசியுங்கள். கையை விரித்து 'இவ்ளோ பெரிய மீன்' என்பது அங்கே செல்லாது. 'படகின் நீளத்துக்கு இருந்தது மீன்' என்றால் செல்லும். அவர்களில் கதை சொல்லத் தெரிந்தவர்கள் கிடைத்தால் பட்டறைக்கே அழைக்கலாம். நமக்குச் சொல்லித்தர அவர்களிடம் நிறைய இருக்கும்.

பட்டறை நல்லதா என்று சேருமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நான் எத்தனை நிமிஷம் கதை சொல்வேன்?' மூன்று மணி நேரப் பட்டறையில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் பேசுவதற்கு ஒரு மணி நேரம் போனால் மீதி 120 நிமிஷம். ஆளுக்கு நான்கு நிமிஷம். அதில் டீ இடைவேளையும், எல்லாரும் வட்டமாக நின்று கைதட்டும் விளையாட்டும் வேறு. பன்னிரண்டு பேர் இருந்தால் அதுவே ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. கட்டணத்தைப் பார்க்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளோடு முடிவதைவிட, இரண்டு வார இடைவெளியில் நான்கு தடவை கூடும் பட்டறை நல்லது. நடுவில் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வர முடியும்.

சான்றிதழ் தருகிறார்களே, அதற்கு மதிப்பு உண்டா?

கதை சொல்ல எந்த உரிமமும் தேவையில்லை. பெங்களூரில் கீதா ராமானுஜம் 1998இல் தொடங்கிய 'கதாலயா' போன்ற அமைப்புகள் தொடர்ச்சியான பாடத்திட்டம் வைத்து நடத்துகின்றன. அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அரைநாள் பட்டறையின் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டலாம், தவறில்லை. ஆனால் உங்களை அழைக்கும் பள்ளி 'ஒரு கதை சொல்லுங்கள் பார்ப்போம்' என்றுதான் கேட்கும்.

சென்னீர்குப்பத்திலிருந்து எங்கே போய்க் கற்கலாம்?

நகர நிகழ்ச்சிகள் பலவும் தென்சென்னைப் பக்கம் நடப்பது நமக்குச் சங்கடம்தான். சென்னையில் 2007இல் தொடங்கிய உலகக் கதைசொல்லல் நிறுவனத்தை அமைத்தவர்களில் ஒருவரான எரிக் மில்லர், நியூயார்க்கிலிருந்து வந்தவர், நாட்டார் வழக்காற்றியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பல ஆண்டுகளாகப் பட்டறைகளும் சென்னைக் கதைசொல்லல் விழாவும் நடத்தியிருக்கிறார். தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் குழந்தைகளுக்குச் சொல்லும் ஜீவா ரகுநாத்தும் சென்னைக்காரர். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் கதை நிகழ்ச்சிகள் நடக்கும். போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடலும் குரலும் பழக வேண்டுமென்றால், ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் வழி வந்த நாடகப் பயிற்சிகள் உதவும். எதிர்ப்பக்கம் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் நடத்தும் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 2002 முதல் 2020 வரை பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத்தந்த குருகுலம் அவர்களுடையது.

காசில்லாத பள்ளி ஒன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதித் திருவிழா சமயம் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டு ஒன்றைப் பாடுவார், பிறகு அதை ஊர்ப்பேச்சில் விரிப்பார். பல நாள் கதையை இன்றைக்கு எங்கே நிறுத்தினால் நாளைக்கு ஜனம் திரும்பி வரும் என்பது அவருக்கு அத்துப்படி. வெயில் நேரத்தில் பந்தலில் இருபது கிழவிகள்தாம் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து, அவர் மூச்சு விடும் இடத்தைக் கவனியுங்கள். எந்தப் பயிற்சியாளரும் இதைக் காட்டித்தர முடியாது.

ஜூம் வழியாகக் கற்றால் ஆகாதா?

கதைகளைத் தேர்ந்தெடுக்க, கட்டமைக்க ஆகும். கேட்பவர் 'மியூட்'டில் இருந்தால் 'உம்' எங்கிருந்து வரும்? ஆகவே பாதிக்கல்விதான்.

எழுத்தாளரின் சிறுகதையைச் சொல்லலாமா? கேஸ் வருமா?

பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார், தடையில்லை. ஜெயகாந்தன் மறைந்தது 2015இல், இன்னும் நெடுங்காலம் உரிமை இருக்கும். பள்ளிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்துவதற்கும், தொழில்முறை அல்லாத குழுக்கள் கட்டணமில்லாமல் நிகழ்த்துவதற்கும் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டாலோ, யூடியூபில் ஏற்றினாலோ இந்த விலக்கை நம்ப வேண்டாம். அனுமதி கேட்டு எழுதிவிடுங்கள். எழுத்தாளர் பெயரை முதலிலேயே சொல்வது சட்டத்துக்காக மட்டுமல்ல.

நாட்டுப்புறக் கதைக்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் கி. ராஜநாராயணன் போன்றவர்கள் திரட்டி எழுதிய நடை அவர்களுடையது. கதையை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியங்களை விட்டுவிடுங்கள்.

சொந்த வாழ்க்கையையே கதையாகச் சொல்லச் சொல்கிறார்களே?

1997இல் நியூயார்க்கில் ஜார்ஜ் டாஸ் கிரீன் தொடங்கிய 'தி மாத்' மேடை பரவலாக்கிய முறை அது. கையில் தாள் இல்லாமல், தமக்கு நடந்ததை, சில நிமிஷங்களில் சொல்ல வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் உங்கள் கதையில் மாமியாரும் தம்பியும் வருவார்கள், அவர்கள் இதே பூந்தமல்லியில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆறாத புண்ணை முதல் கதையாக எடுக்கச் சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கற்று முடித்தபின் யாரிடம் சொல்வது?

முதலில் தொடக்கப் பள்ளி. பாட்டும் கதையும் பொம்மையும் கொண்டு எழுத்தறிவிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே 2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கப்பட்டது. தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி கேளுங்கள், வகுப்பு ஆசிரியர் கூடவே இருக்கட்டும், பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். ஒரு தடவை போய்க் காணாமல் போவதைவிட, மாதம் ஒரு தடவை அதே வகுப்புக்குப் போவது மேல். இந்தப் பகுதிப் பள்ளிகளில் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் வரி உள்ள கதையாக எடுத்தால் அவர்களும் சேர்ந்து சொல்வார்கள்.

சுவீடனில் 1991வாக்கில் முளைத்து, இப்போது மார்ச் 20 அன்று பல நாடுகளில் கொண்டாடப்படும் உலகக் கதைசொல்லல் நாளுக்குப் பள்ளிக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். மார்ச்சில் நம் பள்ளிகளில் தேர்வு நெருக்கடி, யாருக்கும் காது இருக்காது. புதிய வகுப்பு நிலைபெற்ற ஜூலையில் போய்க் கேளுங்கள்.