மூன்று மைக்ரான் நடுக்கம்

கேமராவின் அடிப்பாகம் சுமார் 10 செ.மீ. நீளம் இருக்கும். அதன் ஒரு முனை அப்படியே இருக்க, மறுமுனை மட்டும் 3 மைக்ரான் எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை வரும். ஆக, இந்தச் சாய்வு யார் கண்ணிலும் படப்போவதில்லை. ஆனால் 200 மி.மீ. லென்ஸ் மாட்டிய 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவிடமிருந்து அதை மறைக்க முடியாது. படம் முழுவதும் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். லென்ஸ் 600 மி.மீ. என்றால் மூன்று பிக்சல். பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி கோடாக இழுபட அது போதும்.

இந்தச் சாய்வைத் தடுக்கத்தான் டிரைபாட். நாமோ கடைக்குப் போனதும் "எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்கிறோம். தாங்குவது வேறு, அசையாமல் தாங்குவது வேறு. இந்த வேறுபாடு முதலில் உறைப்பது உயரமானவர்களுக்குத்தான்.

ஏன் மூன்று கால்?

வெளியில் எந்த மூன்று புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் மேல் ஒரு தட்டையான தளத்தை வைத்துவிடலாம். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் விழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. சமமில்லாத தரையில் நாற்காலி ஆடுவது இதனால்தான். ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கிறது. மூன்று கால் எந்தப் பாறை மேலும் ஒரே நேரத்தில் ஊன்றிக்கொள்ளும். தலை சரிந்திருக்கலாம், ஆனால் தடதடக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மூன்று பாதங்களையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். கேமராவும் டிரைபாடும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இறங்கும்வரை கவிழாது. நடுவிலிருந்து பாதத்துக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்; பிறகு இரண்டு பாதங்களுக்கு இடைப்பட்ட கோட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டாவது, முதலாவதில் சரிபாதி. கால் இருக்கும் திசையில் சாய்க்க எவ்வளவு விசை வேண்டுமோ, அதில் பாதியே போதும் இரண்டு கால்களுக்கு நடுவே சாய்க்க. கனமான லென்ஸ் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு காலை அந்த லென்ஸுக்கு நேர் கீழே வைக்கச் சொல்வது இதனால்தான்.

உயரத்தின் கணக்கு

195 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஆறடி ஐந்து அங்குலம். உச்சந்தலையிலிருந்து கண் சுமார் 12 செ.மீ. கீழே. ஆகக் கண்ணின் உயரம் 183. கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் வரை ஒரு 8 செ.மீ., டிரைபாட் தலை ஒரு 10 செ.மீ. இவற்றைக் கழித்தால் கால்கள் மட்டுமே 165 செ.மீ. உயரத்துக்கு நிற்க வேண்டும். அதுவும் சமதரையில். மலைச்சரிவில் கீழ்ப்பக்கத்துக் கால் கூடுதலாக நீள வேண்டியிருக்கும் என்பதால் 175 வரை கையிருப்பு இருந்தால் நல்லது.

இதே கணக்கை 170 செ.மீ. உயரக்காரருக்குப் போட்டால் விடை 140. சந்தையில் உள்ள டிரைபாட்களில் பெரும்பாலானவை இவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பயணத்துக்கென்று விற்கும் சிறியவை பலவும் நடுத்தண்டை ஏற்றாமல் 130 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும். உயரமானவருக்கு அங்கே இரண்டே வழி: மணிக்கணக்கில் முதுகை வளைப்பது, அல்லது நடுத்தண்டை உயர்த்துவது. இரண்டாவது வழியில்தான் படம் கெடுகிறது. எப்படி என்று பார்ப்பதற்கு முன் ஒரு பயத்தைக் களைந்துவிடலாம்.

உயரமான டிரைபாட் எளிதில் கவிழுமே என்று பலரும் அஞ்சுவார்கள். செங்குத்திலிருந்து கால்கள் 23 டிகிரி விரிந்திருப்பதாகக் கொள்வோம். பெரும்பாலான டிரைபாட்களின் முதல் நிலை இதை ஒட்டியதுதான். கேமராவும் டிரைபாடும் சேர்ந்து 6 கிலோ. இரண்டு கால்களுக்கு நடுவே கவிழ்க்க, உச்சியில் சுமார் 1¼ கிலோ விசை தேவை. ஒரு காலின் திசையில் கவிழ்க்க 2½ கிலோ. இந்தக் கணக்கில் உயரமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கால் நீள நீளப் பாதங்களும் அதே விகிதத்தில் விலகிப் போகின்றன. கோணமும் எடையும் மாறாதவரை, 140 செ.மீ. டிரைபாடைக் கவிழ்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவே 175 செ.மீ. டிரைபாடுக்கும் தேவை. உயரம் கேட்கும் விலை நடுக்கத்தில் இருக்கிறது.

நெடுக்கில் பலம், குறுக்கில் பலவீனம்

ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய அலுமினியக் குழாயைத் தரையில் செங்குத்தாக ஊன்றி மேலிருந்து அழுத்துங்கள். அசையாது. அதையே ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைப் பக்கவாட்டில் தள்ளினால் உடனே வளையும். எந்தத் தண்டும் நெடுக்கில் பலசாலி, குறுக்கில் பலவீனன். குறுக்கில் வளைவது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதாவது, நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு முனை எட்டு மடங்கு விலகும்.

விரிந்த மூன்று கால்கள் இந்தப் பலவீனத்தைத் தந்திரமாக ஏமாற்றுகின்றன. உச்சியைப் பக்கவாட்டில் தள்ளும்போது, ஒரு பக்கத்துக் கால் நெடுக்காக அழுத்தப்படுகிறது, எதிர்ப்பக்கத்துக் கால் நெடுக்காக இழுக்கப்படுகிறது. வந்த விசையைப் பலமுள்ள திசைக்கே திருப்பிவிடும் அமைப்பு இது. நீளம் கூடும்போது டிரைபாட் முழுவதன் விறைப்பும் குறையத்தான் செய்யும். ஆனால் தனித்தண்டுக்கு நேரும் அளவு மோசமாகக் குறையாது.

நடுத்தண்டுக்கு இப்படித் துணை யாரும் இல்லை. அது தன்னந்தனியாக நிற்கும் ஒற்றைக்கால். 15 செ.மீ. ஏற்றியதை 30 செ.மீ. ஆக்கினால், பக்கவாட்டு விசையில் முனை விலகுவது எட்டு மடங்கு, முனை சாய்வது நான்கு மடங்கு. தூரத்துக் காட்சியை எடுக்கும்போது கேமரா ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. கோணத்தில் அணுவளவு சாய்ந்தாலும் படம் போய்விடும். உயரமானவர் நடுத்தண்டை நம்பி டிரைபாட் வாங்கக் கூடாது என்பதன் முழுக் காரணமும் இதுதான். 165 செ.மீ. என்பது கால்களிலேயே கிடைக்க வேண்டிய உயரம்.

கால்களின் தந்திரத்துக்கும் எட்டாத ஒரு திசை உண்டு. டிரைபாடை முழுக்க நீட்டி நிறுத்தி, தலைத்தட்டைப் பிடித்து மூடியைத் திறப்பதுபோல் இடமும் வலமும் மெதுவாகத் திருகிப் பாருங்கள். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க, கால்கள் குறுக்காக வளைவதைக் கையே உணரும். காற்று நீண்ட லென்ஸைப் பக்கவாட்டில் தள்ளும்போது நடப்பது இந்தத் திருகல்தான். இங்கே காப்பாற்றுவது காலின் தடிமன் ஒன்றே.

தடிமனின் வெகுமதி

சுவரின் கனம் மாறாத இரண்டு குழாய்களில் ஒன்று 28 மி.மீ., மற்றொன்று 35 மி.மீ. விட்டம் என்று கொள்வோம். 25 சதவீதம்தான் கூடியிருக்கிறது. எடையும் அவ்வளவே கூடும். ஆனால் வளைவை எதிர்க்கும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் அதுவும் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 140 செ.மீ.யிலிருந்து 175 செ.மீ.க்குப் போகும்போது உயரம் கூடுவதும் அதே 25 சதவீதம். ஒவ்வொரு காலும் குறுக்கில் இழக்கும் பாதி விறைப்பை, அதே விகிதத்தில் தடித்த குழாய் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உயரமான டிரைபாட் தேடுகிறவர் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, மெலிந்த காலோடு நெடுநெடுவென்று நிற்கும் ஒன்றை வாங்கினால் இந்தக் கணக்கில் தோற்றுப்போவார்.

ஒன்றுக்குள் ஒன்று செருகும் கால்களில் ஒவ்வொரு துண்டும் மேலுள்ளதைவிட மெலிந்தாக வேண்டும். 33 மி.மீ.யில் தொடங்கித் துண்டுக்கு 4 மி.மீ. குறைந்தால் நான்காம் துண்டு 21 மி.மீ. சுவரின் கனம் ஒன்றே என்றால், அதன் எதிர்ப்புத் திறன் முதல் துண்டில் நாலில் ஒரு பங்குதான். மூன்று துண்டோடு நிறுத்தினால் கடைசித் துண்டு 25 மி.மீ. இருக்கும், விறைப்பும் நன்றாக இருக்கும். ஆனால் மடித்தாலும் டிரைபாட் நீளமாகவே இருக்கும். பேருந்திலும் ரயிலிலும் கொண்டுபோகச் சிரமம். ஐந்து துண்டு பைக்குள் அடங்கும், காற்றில் நடுங்கும். எதை வாங்கினாலும் நீட்டும்போது மேல் துண்டுகளை முதலில் நீட்டுங்கள். மெலிந்த கடைசித் துண்டு, தேவைப்பட்டால் மட்டும்.

அலுமினியம் மலிவு, அடி தாங்கும். கார்பன் ஃபைபர் குழாயின் அடர்த்தி அலுமினியத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். அதனால் அதே எடைக்குத் தடித்த காலைச் செய்ய முடிகிறது. இழைகள் எல்லாம் நெடுக்காகவே போனால் குழாய் முறுக்கலுக்கு இளகிவிடும் என்பதால், சில அடுக்குகளைச் சாய்வாகச் சுற்றுவார்கள். பிரான்சில் தொடங்கிய கிட்ஸோ நிறுவனம் 1994-இல் கார்பன் ஃபைபர் டிரைபாடைக் கொண்டுவந்த பிறகு இந்தத் தொழிலின் போக்கே மாறிற்று. நில அளவையாளர்களில் பலர் இன்றும் மரக்கால்களை விடவில்லை. மரம் வெயிலில் அதிகம் நீளாது, அதிர்வையும் வேகமாக விழுங்கிவிடும்.

அதிர்வு அடங்கும் நேரம்

கேமராவுக்குள்ளேயே அதிர்வு பிறப்பதும் உண்டு. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி அடிக்கிறது. அந்த அடியில் டிரைபாட் ஒரு கணம் சிலிர்க்கிறது. 1/1000 நொடியில் எடுத்தால் அதிர்வு படத்தில் பதிய நேரமில்லை. 30 நொடி திறந்து வைத்தால் தொடக்கத்து அதிர்வு மொத்த ஒளியில் சொற்பப் பங்கு. இடைப்பட்ட 1/60 முதல் 1/2 நொடி வரைதான் ஆபத்து. கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்துவதும், இரண்டு நொடி டைமர் வைப்பதும் இதற்காகத்தான். மிர்ரர்லெஸ் கேமராவில் இந்தக் கண்ணாடியே கிடையாது என்றாலும், விரல் அழுத்துவதால் வரும் ஆட்டம் அங்கும் உண்டு.

நடுவிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடுவது பலரின் பழக்கம். கவிழாமலிருக்க அது உதவும். ஆனால் கால்களின் விறைப்பைக் கூட்டாது. காற்றில் பை ஊசலாடினால் அதுவே நடுக்கத்தைக் கிளப்பும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி கட்டினால் எடையும் கிடைக்கும், ஊசலும் நிற்கும்.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் ஓர் அசைவு மிச்சமிருக்கும். அதை எந்த டிரைபாடும் தடுக்க முடியாது. 600 மி.மீ. லென்ஸில் நிலவை எடுக்கும்போது, பூமி சுழல்வதால் ஒவ்வொரு நொடியும் நிலவின் பிம்பம் சுமார் ஏழு பிக்சல் நகர்கிறது. ஆடும் டிரைபாடில் இது தெரியாது. பெரிய நடுக்கத்தில் சின்னது மறைந்துவிடும். கால் உறுதியானதாக இருந்தால் மட்டுமே, ஒரு நொடிப் படத்தில் பூமி சுழலும் தடத்தைப் பார்க்கலாம். 1/15 நொடிக்கு இறங்கினால் அது அரை பிக்சலுக்குள் அடங்கும்.

கடையில் ஒரு சோதனை

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தாங்கும் எடை, கால் நழுவாமலும் உடையாமலும் எவ்வளவு சுமக்கும் என்பதைச் சொல்லும். அதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை இல்லாததால், ஒரு பிராண்டின் 10 கிலோவும் இன்னொரு பிராண்டின் 10 கிலோவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நடுக்கத்தைப் பற்றி அந்த எண் எதுவும் பேசாது.

ஆகவே உங்கள் கேமராவையும், உங்களிடமுள்ள மிக நீளமான லென்ஸையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நடுத்தண்டை ஏற்றாமல் கால்களை முழுக்க நீட்டி நிமிர்ந்து நில்லுங்கள். வியூஃபைண்டர் கண்ணுக்கு வருகிறதா என்பது முதல் கேள்வி. வந்தால், லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, எதிர்ச் சுவரில் உள்ள ஓர் எழுத்தைப் பிடியுங்கள். ஒரு காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்து திரையில் துள்ளும். அது அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். பக்கத்திலுள்ள அடுத்த டிரைபாடிலும் அதே விரல், அதே தட்டு. எது சீக்கிரம் அடங்குகிறதோ, உங்கள் உயரத்துக்கு அதுதான் உறுதியானது. விற்பனையாளர் காட்டும் எண்ணைவிட இந்த எண்ணிக்கையை நம்பலாம்.