ஈரல் நோயுற்றால் மூளை ஏன் தடுமாறுகிறது?

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பின்னரே இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. எங்கள் உம்மும்மாவுக்கு ஈரல் இறுகல் நோய். சில நாட்கள் அவர் பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பார். பழகிய பெயர்களும் மறந்துபோகும். முதுமை என்றே பலரும் சொன்னார்கள். உண்மையில் அது ஈரலிலிருந்து வந்த தடுமாற்றம்.

நாம் உண்ணும் புரதம் குடலில் சிதையும்போது அமோனியா உண்டாகிறது. நலமான ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீருடன் வெளியேற்ற உதவுகிறது. ஈரல் பழுதடைந்தால் அமோனியா குருதியுடன் மூளையை அடைகிறது. அங்கே நரம்புக் கலங்களைப் பேணும் துணைக் கலங்கள் அதை உறிஞ்சி வீங்குகின்றன. கூடவே சுயாதீன மூலிகங்கள் பெருகிக் கலங்களைச் சிதைக்கின்றன. உடல் நிறையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஒட்சிசனில் சுமார் 20 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. ஆகவே இத்தாக்குதல் அதை எளிதில் பாதிக்கிறது.

இந்த மூலிகங்களை அடக்குபவையே ஒட்சியேற்ற எதிரிகள். மஞ்சளிலுள்ள குர்குமினும், ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலுள்ள சிலிமாரினும் எலிகளில் சோதிக்கப்பட்டபோது மூளைப் பாதிப்பு குறைந்தது. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு நமது கறியில் இல்லை. குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மனிதரில் இந்நோயைக் குணமாக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. அதிக செறிவுள்ள மஞ்சள் வில்லைகளை உட்கொண்டு ஈரல் அழற்சிக்கு ஆளானவர்களும் உண்டு.

"மருந்தை விட்டுவிட்டு வல்லாரைச் சாறு கொடுங்கள்" என்று எங்கள் வீட்டிலும் அன்போடு சொன்னவர்கள் உள்ளனர். வைத்தியர் தரும் லக்டுலோஸ் பாணி வெறும் மலமிளக்கி அல்ல. குடலிலேயே அமோனியாவைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றுகிறது. அதை நிறுத்தினால் நோயாளி மயக்க நிலைக்கே போகலாம். வைத்தியரைக் கேளாமல் மீன், பருப்பு போன்ற புரத உணவை நிறுத்துவதும், தூக்க மாத்திரை கொடுப்பதும் ஆபத்தே.

சகோதரிகளே, வல்லாரைச் சம்பல் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மருந்தின் இடத்தில் வேண்டாம். ஈரல் நோயுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவரது உறக்கம், பேச்சு, கையெழுத்து ஆகியவற்றைக் கவனியுங்கள். நீட்டிய கைகள் படபடவென நடுங்கினாலோ பேச்சு குழம்பினாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.