கல்விக் கடன்: கையெழுத்திடும் முன் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்பது, பத்தாம் வகுப்பிற்கு வந்த நாள் முதல் நம்மிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியாகும். நர்சிங் என்பாள் ஒருத்தி, இன்ஜினீயரிங் என்பாள் இன்னொருத்தி. "பணத்திற்கு என்ன செய்வாய்?" என்றால், "பாங்கில் லோன் போட்டுக்கொள்ளலாம்" என்று உடனே பதில் வந்துவிடும். லோன் என்பது அம்மாவின் பீரோவில் இருக்கும் பணம் போலவே நாம் பேசிக்கொள்கிறோம். அது எப்படி வளர்கிறது, யார் கட்டுவது என்பதைச் சற்று விளக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வங்கியில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் பக்கத்து வீட்டு மாமா, இதில் வரும் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

நம் நாட்டு வங்கிகள் வழங்கும் கல்விக் கடனுக்கு, இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டில் வகுத்த மாதிரித் திட்டமே அடிப்படையாகும். பின்னர் அது பல முறை திருத்தப்பட்டது. அதன்படி நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நாம் கையிலிருந்து எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால், உள்நாட்டுப் படிப்பிற்கு நூற்றுக்கு 5 பங்கும் வெளிநாட்டுப் படிப்பிற்கு 15 பங்கும் குடும்பத்தார் போட வேண்டும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வீடு, நிலம் போன்றவற்றை ஈடாகக் கேட்பார்கள். ஏழரை லட்சம் வரையிலான கடன்களுக்கு வங்கிகளிடம் பொறுப்பேற்க, 2015-ல் மத்திய அரசு ஓர் உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. "அப்படியானால் நாம் கட்டாவிட்டால் அரசாங்கம் கட்டிவிடும்" என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வங்கிக்கு வரும் நஷ்டத்தில் முக்கால் பங்கை அந்நிதி ஈடு செய்யும், அவ்வளவுதான். நம் பெயரிலுள்ள கடன் நம் பெயரிலேயே இருக்கும்.

ஆம், அது நம் பெயரில்தான் இருக்கும். மாணவியே கடன்தாரர், அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரர். பிளஸ் டூ முடிக்கும்போது நம்மில் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். அப்போது பெற்றோர் கையெழுத்திடுவர். பதினெட்டு நிறைந்ததும் வங்கி நம்மை அழைத்து, அந்தக் கடனை ஏற்றுக்கொள்வதாக எழுதி வாங்கும். சட்டப்படி பெரியவளானதும் நாம் போடும் முதல் பெரிய கையெழுத்து இதுவாகவே இருக்கக்கூடும். காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு வருவதே வழக்கம் என்று மாமா கூறினார்.

இனி கணக்கிற்கு வருவோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது திட்டத்தின் பெரிய சலுகை. ஆனால் தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று ஆகிவிடாது. வங்கி முதல் ரூபாயைக் கல்லூரிக்குச் செலுத்திய நாளிலேயே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. இக்காலத்தில் அது தனி வட்டியாகக் கணக்கிடப்படும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கே போதுமானது.

நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன் என்று கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்க. முதல் லட்சம் ஐந்தாண்டுகள் நிற்கிறது. அதற்கு வட்டி ரூ. 50,000. இரண்டாம் லட்சத்திற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக ரூ. 1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் நான்கு லட்சம் அல்ல. ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்! பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதம் சுமார் ரூ. 7,136 கட்ட வேண்டும். முடிவில் கட்டிய தொகை ஏறத்தாழ ரூ. 8,56,000.

இதற்கு மாற்று வழி ஒன்று உண்டு. படிக்கும்போதே அந்தந்த மாத வட்டியை மட்டும் கட்டி வரலாம். முதலாண்டில் அது மாதம் ரூ. 833 மட்டுமே. இரண்டாமாண்டில் 1,667, மூன்றாமாண்டில் 2,500, நான்காம் ஆண்டிலும் அடுத்த ஓராண்டிலும் 3,333. இவ்வாறு கட்டியவளுக்குத் தவணை தொடங்கும்போது கடன் நான்கு லட்சமாகவே நிற்கும். மாதத் தவணை ரூ. 5,286 தான். படிக்கும்போது கட்டிய வட்டியைச் சேர்த்தாலும் மொத்தம் சுமார் ரூ. 7,74,000. எண்பத்திரண்டாயிரம் ரூபாய் மிச்சம்! வட்டியைத் தவறாமல் கட்டி வருவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கவும் திட்டத்தில் இடமுண்டு. நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள் போலும்.

கடைசி இரண்டு ஆண்டுகளின் வட்டியைக் கட்டுவது எல்லார் வீட்டிலும் இயலாது என்பது உண்மைதான். முதலாண்டு வட்டியையாவது கட்டலாமல்லவா? அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரி சென்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2024-ல் அது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த ஆயிரத்தில் முதலாண்டு வட்டி போக 167 ரூபாய் மீதியும் இருக்கும். (அந்தப் பணத்தில் போன் வாங்குவதாக முன்பே முடிவு செய்துவிட்ட தோழியர் என்னை மன்னிப்பார்களாக.)

வட்டியே கட்ட வேண்டாத வழியும் சிலருக்கு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்குள் இருந்தால், தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் இக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டம், எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கும் 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. ஆனால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரிகளுக்கு மட்டுமே. ஆதலால் கல்லூரியில் இடம் வாங்குவதற்கு முன்பே, அது பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். படிப்பை நடுவில் விட்டுவிட்டால் 2009-ஆம் ஆண்டுத் திட்டத்தின் வட்டி மானியம் கிடைக்காது என்பதையும் மறக்கலாகாது.

என் பெரியம்மாவின் மகள் நர்சிங் படித்தவர். அவர் பெயரில் எடுத்த கடனின் பாஸ்புக் படிப்பு முடியும் வரை பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. படிப்பு முடிந்து வந்த கடிதத்தில் வாங்கியதைவிட அதிகத் தொகை இருந்ததைக் கண்ட பெரியப்பா, வங்கியார் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போய்விட்டார். மேலாளர் வட்டிக் கணக்கை அச்சிட்டுக் கொடுத்த பிறகே விஷயம் விளங்கியது. அக்காவுக்கு முதலில் கிடைத்த சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போயிற்று. அதற்குள் வரன் பார்க்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் படிப்பைக் கேட்டார்கள், சம்பளத்தைக் கேட்டார்கள், பிறகு மெல்ல, "லோன் இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றார்கள். பெரியப்பா, "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். அக்காவோ, "என் பெயரில் வாங்கியது, என் சம்பளத்தில்தான் அடைப்பேன், கல்யாணத்திற்குப் பிறகும் அடைப்பேன்" என்று கூடத்திலேயே சொல்லிவிட்டார். அந்த வரன் தட்டிப்போயிற்று. அக்கா கூறியதில் ஒரு தவறும் இல்லை என்பதே என் எண்ணம். அன்று முதல் பாஸ்புக்கும் அவர் கைக்கு வந்துவிட்டது.

"பொறுத்திருந்தால் தள்ளுபடி வரும்" என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டு இடைக்கால பட்ஜெட்டில், 2009 மார்ச் வரை வாங்கிய கல்விக் கடன்களுக்கு 2013 டிசம்பர் வரை சேர்ந்த நிலுவை வட்டியை அரசு ஏற்பதாக அறிவித்தது உண்மை. ஆனால் வட்டியைத்தான் ஏற்றது, அசலையல்ல. காத்திருக்கும் காலத்திலோ வேறொன்று நடக்கிறது. தவணை தவறி 90 நாள் கடந்தால் அது வாராக் கடனாகிறது. 300 முதல் 900 வரையுள்ள சிபில் மதிப்பெண் நமக்கும் குறையும், இணைக் கடன்தாரரான அப்பாவுக்கும் குறையும். நாளை தம்பிக்குக் கடன் கேட்டு அவர் வங்கி வாசலில் நிற்கும்போது இது தெரியவரும்.

வேலை கிடைக்காமலோ சம்பளம் போதாமலோ தவணை கட்ட இயலாதவர்கள் என்ன செய்வது? பலர் வங்கியிலிருந்து வரும் போனை எடுப்பதில்லை. அந்த 90 நாள் முடியுமுன் நேரில் சென்று, கால நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். திட்டப்படி 15 ஆண்டுகள் வரை தவணை அளிக்க இடமுண்டு. மேலே கண்ட ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தை 15 ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை 7,136-லிருந்து சுமார் 5,803 ஆகக் குறையும். மொத்தத்தில் ஏறத்தாழ ரூ. 1,88,000 கூடுதலாகக் கட்ட நேரும் என்பதையும் அறிந்தே கேட்க வேண்டும். அக்காவுடன் படித்த ஒருவர் இவ்வாறு நீட்டித்துக்கொண்டார். சம்பளம் உயர்ந்த பின் கையில் கிடைத்தபோதெல்லாம் கூடுதலாகக் கட்டி, ஒன்பதாம் ஆண்டிலேயே கணக்கை முடித்துவிட்டாராம்.