மனச்சிதைவும் மறுவாழ்வும்

கால் முறிந்தவன் கட்டுப் பிரித்த அன்றே ஓடிவிடுவதில்லை. ஊன்றுகோல் பிடித்து நடந்து பழகிய பின்னரே ஓடுகிறான். மனச்சிதைவு என்னும் நோயினின்று மீள்வோர்க்கும் அத்தகைய பழக்கம் வேண்டும். அது யாது என்பதையும், கல்வராயன் மலையடியில் அமைந்த கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இல்லாத குரல் காதில் ஒலிப்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக நம்புவதும் இந்நோயின் வெளிப்படையான அறிகுறிகள். 1950களில் தோன்றத் தொடங்கிய மருந்துகள் இவற்றைப் பலருக்கு அடக்கிவிடுகின்றன. ஆயினும் கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவை குன்றியே நிற்பதுண்டு. குரல் அடங்கிய பின்னும் மகன் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று வீட்டார் வெகுள்கின்றனர், சோம்பேறி என்கின்றனர். அது சோம்பல் அன்று. நோயில் எஞ்சிய பகுதி.

இதனைச் சீர்செய்ய எழுந்ததே அறிதிறன் பயிற்சி. எண்வரிசையில் குறித்த எண்ணைத் தேடுதல், கேட்ட சொற்களை வகைப்படுத்தி நினைவிற் கொள்ளுதல், ஒரு செயலைப் படிபடியாகப் பிரித்தல் ஆகியவற்றை எளியதில் தொடங்கி அரியது வரை பழக்குவர். லண்டன் பேராசிரியை டில் வைக்ஸ் முதலானோர் 2011இல் 40 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பயிற்சியால் அறிதிறன் ஓரளவு உயர்கிறது. தொழிற்பயிற்சி போன்ற மறுவாழ்வுப் பணியும் உடன் சேரும்போது அன்றாட வாழ்க்கைத் திறன் மேலும் கூடுகிறது என்று கண்டனர்.

நம் நாட்டில் மறுவாழ்வுப் பணிக்கு வழிகாட்டியவர் டாக்டர் சாரதா மேனன். சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை வகித்த அவர், 1984இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் 282 நோயாளரிடம் நடந்த ஆய்வொன்று 2014இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று உதவியவர்களுக்கு, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோய்க்குறியும் இயலாமையும் சற்று மிகுதியாகக் குறைந்தன.

மலைநாட்டுக்கு இம்முடிவு மிக வேண்டியது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. எனினும் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரினின்று இறங்கி வந்து மருந்து பெற்றுத் திரும்புவதற்கே ஒரு பகல் கழிந்துவிடும். வாரந்தோறும் பயிற்சிக்கு வருவது எங்ஙனம்? ஆகவே பயிற்சிதான் மலையேற வேண்டும். சாமை விதையை அளந்து வைத்தல், ஆடுகளை எண்ணி அடைத்தல், மூன்று பொருள்களை நினைவிற் கொண்டு கடையில் வாங்கி வருதல் ஆகிய வீட்டு வேலைகளையே படிபடியாகப் பழக்கலாம். மருந்தை நிறுத்தலாகாது; மருத்துவரின் அறிவுரையும் உடன் வேண்டும்.

மாணவர்களே, இந்நோய் பெரும்பாலும் உங்கள் வயதிலோ இருபதுகளிலோ தலைகாட்டுவது. நன்கு படித்த தோழன் திடீரென ஒதுங்கி, பாடத்தில் மனம் நில்லாது தவித்தால் எள்ளி நகையாடாதீர்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். சிகிச்சை விரைந்து தொடங்கினால், அவன் மீண்டும் உங்கள் வகுப்பில் வந்தமர வாய்ப்பு மிகுதி.